ஆயிரமாம் இலக்க ஆள்

எனக்குப் பயம் வந்தால் அழுகை வராது, கோபம்தான் வரும். சின்ன வயதிலிருந்தே அப்படித்தான். ஆகவே இதில் நான் யாரையாவது ஏசினால், அந்த நேரம் நான் பயந்துபோயிருந்தேன் என்று விளங்கிக்கொள்ளுங்கள்.

யாழ்ப்பாணத்துத் தீவுப்பக்கம், கரம்பொனில் எங்கள் வீட்டு முன்னறையில் இருந்துதான் நான் வேலை செய்கிறேன். ஒரு மேசை, ஒரு கதிரை, ஒரு மடிக்கணினி. இரத்தமும் சிறுநீரும் சோதிக்கிற தனியார் ஆய்வுகூடங்களுக்கு மென்பொருள் செய்து கொடுக்கும் ஒரு கொழும்பு நிறுவனம். சோதனை முடிவுகள் எல்லாம் வந்து சேருகிற சேவர் கணினியைப் பார்த்துக்கொள்வது என் பொறுப்பு. அந்தச் சேவர் எந்த நாட்டில் இருக்கிறது என்று எனக்கே சரியாகத் தெரியாது. அம்மா கேட்டால் கொழும்பு என்று சொல்லிவிடுவேன். வீட்டில் அம்மாவும் மகள் நானும் மட்டும்தான்.

ஒருநாள் காலை, அம்மா பின்பக்கத்தில் மீன் வெட்டிக்கொண்டிருந்த நேரம், என் மேலதிகாரி தொலைபேசி எடுத்தார். அவரும் யாழ்ப்பாணத்தவர்தான், கொழும்பில் போய் நிலைத்தவர். வழக்கமாகச் சத்தமாகக் கதைக்கிற மனிதர், அன்று மெல்லிய குரலில் தொடங்கினார். எனக்கு அப்போதே ஏதோ செய்தது.

"நீர் தனியவோ இருக்கிறீர்?"

"ஓம் சேர்."

"ஊரறிஞ்ச ஒராளின்ரை இரத்த ரிப்போட் வெளியிலை போயிட்டுது. எல்லாற்றை போனிலும் சுத்துது. ஆர் அதைத் திறந்தது எண்டு லொக்கிலை பாத்தனாங்கள்." கொஞ்சம் நிறுத்தினார். "உம்மடை பேர்தான் நிக்குது."

நான் திறக்கவில்லை. அந்த மனிதரின் ரிப்போட் எங்களிடம் இருந்ததே எனக்குத் தெரியாது. அதைச் சொன்னேன். அவர் நம்புவதாகத்தான் சொன்னார். ஆனால் மறுநாள் பிற்பகல் ஒரு கூட்டம் என்றும், சட்டப் பிரிவிலிருந்து ஒரு பெண் அதில் இருப்பார் என்றும், அங்கே நான் சரியான விளக்கம் தராவிட்டால் பொலிஸில் முறைப்பாடு போகும் என்றும் சொன்னார். சேவருக்குள் போகிற என் வழியை ஏற்கெனவே பூட்டிவிட்டார்கள். "குறை நினைக்காதையும்," என்று சொல்லித் தொலைபேசியை வைத்தார். குறை நினைக்காதையுமாம்! ஆளைக் கிணற்றுக்குள் தள்ளிவிட்டுக் குறை நினைக்காதையுமாம்.

லொக் என்றால் என்ன என்று கொஞ்சம் சொல்ல வேண்டும். கணினியின் அடியில் கேர்னல் என்று ஒன்று இருக்கிறது. அதனிடம் கேட்காமல் யாரும் ஒரு கோப்பையும் திறக்க ஏலாது. இன்னார் இன்ன கோப்பைத் திறந்தார் என்று அது எழுதி வைப்பதுதான் ஓடிட் லொக். எங்கள் சேவருக்குள்ளே கொண்டெய்னர்கள் இருந்தன. அவற்றை அறைகள் என்று வைத்துக்கொள்ளுங்கள். ரிப்போட் அச்சடிக்க ஓர் அறை, ஆய்வுகூடங்களிலிருந்து வருவதை வாங்க ஓர் அறை என்று வேலைக்கொன்று. அறைக்குள் இருக்கிறவன் அது தனக்கென்று கட்டின தனி வீடு என்று நினைத்துக்கொண்டிருப்பான். உண்மையில் எல்லா அறைகளுக்கும் கீழே இருப்பது ஒரே கேர்னல்.

அறைக்கொரு லொக் வைக்கச் சொல்லி மேலிடத்திலிருந்து முன்பே வந்தது. நானும் ஒரு கிழமையாக அந்தச் சனியனோடு மல்லுக்கட்டினேன். அறைக்குள்ளே லொக் எழுதுகிற செயலியை ஓடவிட்டால், அனுமதி இல்லை என்று செத்துவிடும். அனுமதியைக் கொடுத்து ஓடவிட்டால், வெளியே வேறொருவன் ஏற்கெனவே எழுதிக்கொண்டிருக்கிறான் என்று சொல்லிச் செத்துவிடும். கேர்னலுக்குத் தெரிந்தது ஒரே லொக். அறைகள் என்று ஒரு விஷயம் இருப்பதே அந்த லொக்குக்குத் தெரியாது. கடைசியில் வெளியே, முழுச் சேவருக்கும் சேர்த்து ஒன்றை வைத்தேன். பிறகு எல்லா அறைகளிலிருந்தும் வந்து கொட்டுகிறதை எழுதி முடிக்க ஏலாமல் வரிசை நிரம்பிச் சேவரே மூச்சுத் திணறத் தொடங்கியது. எதை எழுதுவது, எதை விடுவது என்று குறைத்துக் குறைத்து ஒரு மாதிரி ஓடவிட்டேன். இவ்வளவு பாடுபட்டு நான் ஓடவிட்ட லொக்தான் என் பேரைச் சொல்லிக் கொடுத்திருந்தது.

மேலதிகாரி அந்த வரியைப் படமாக எடுத்து அனுப்பியிருந்தார். கறுப்புத் திரையில் வெள்ளை எழுத்து. கோப்பின் பேர், செயலியின் இலக்கம், அதற்குப் பக்கத்தில் என் பேர். திரும்பத் திரும்பப் பெரிதாக்கிப் பார்த்தேன். அந்த நேரத்தில் நான் எங்கே இருந்தேன்? இதே கதிரையில், இதே மடிக்கணினிக்கு முன்னால், தனியாக. சாட்சிக்கு ஒரு காகம்கூட இல்லை. ஏதாவது தேடும்போது கைதவறித் திறந்துவிட்டேனோ? திறந்து யாருக்காவது அனுப்பியும் விட்டேனோ? விசர்க்கதைதான். ஆனால் எழுத்தில் பேரைக் கண்டால் மனிதருக்குத் தன் மேலேயே சந்தேகம் வந்துவிடுகிறது.

அம்மா வந்து வாசற்படியில் நின்றார். கையில் மீன் செதில்.

"ஆர் பிள்ளை போனிலை? முகம் பேயறைஞ்ச மாதிரிக் கிடக்கு."

"வேலையிலை ஒரு பிரச்சினை அம்மா. ஆரோ செய்ததுக்கு என்ரை பேர் எழுதியிருக்கு."

சொல்லியிருக்கக் கூடாது. அம்மாவின் முகத்தைக் கண்ட உடனேயே அது விளங்கியது. சின்ன மாமாவின் பேரும் யுத்த காலத்தில் யாரோ ஒருவனின் வாயில் வந்தது. விசாரித்துவிட்டு விடுகிறோம் என்று கூட்டிக்கொண்டு போனார்கள். போனவர் போனவர்தான். அவருடைய படங்களில் கூட நின்றவர்களையும் தேடி வருகிறார்கள் என்று கேள்விப்பட்டு, அம்மா எல்லாப் படங்களையும் அடுப்பில் போட்டார். அம்மாவுக்கு அவர் ஒரே தம்பி. இன்றைக்கும் எங்கள் வீட்டில் மாமாவின் ஒரு படம் கிடையாது.

"ஆர் எழுதினது?" என்று கேட்டார் அம்மா.

"ஆக்கள் எழுதேல்லை. கம்ப்யூட்டர்தான் எழுதினது."

"கண்டறியாத கம்ப்யூட்டர்," என்று சொல்லிவிட்டு உள்ளே போனார். குசினியில் அடுப்படியில் இருந்து செபமாலை சொல்லுகிற சத்தம் கேட்டது. மீன் அப்படியே கிடந்தது, பூனை இழுத்துக்கொண்டு போனதுகூட அவருக்குத் தெரியவில்லை.

மத்தியானம் வரை அந்தப் படத்தையே பார்த்துக்கொண்டிருந்தேன். பயத்தில் இருக்கும்போது கண் திறந்திருந்தாலும் ஒன்றும் தெரியாது. கடைசியாகத்தான் கண்ணில் பட்டது. அந்த வரியில் இரண்டு இடத்தில் ஆளைப் பற்றி எழுதும். ஒன்று, கோப்பைத் திறந்தது யார். மற்றது, அந்த ஆள் முதலில் எந்தப் பேரில் சேவருக்குள் நுழைந்தார். முதலாவதில் என் பேர். இரண்டாவது வெறுமை. நுழைந்தவர் யாரென்று குறிக்கப்படவில்லை என்று இருந்தது. நான் நுழைந்து திறந்திருந்தால் இரண்டிலும் என் பேர் வந்திருக்கும். வாசலால் யாருமே வராமல் வீட்டுக்குள் நான் எப்படி நின்றேன்?

அப்போதுதான் மண்டையில் உறைத்தது. கேர்னலுக்கு எங்கள் பேர் தெரியாது, இலக்கம்தான் தெரியும். ஒரு கணினியில் முதலில் பதிகிற சாதாரண ஆளுக்கு ஆயிரம் என்ற இலக்கம் விழும். சேவரை அமைத்தது நான், ஆகவே அங்கே ஆயிரம் நான்தான். ஆனால் ஒவ்வோர் அறையும் தன்னைத் தனிக் கணினி என்று நினைத்துக்கொண்டிருக்கிறதே! அங்கேயும் முதலில் பதிந்தவனுக்கு ஆயிரம்தான். அறைக்குள் இருந்து எவனோ ஓர் ஆயிரம் அந்தக் கோப்பைத் திறந்திருக்கிறான். லொக் ஆயிரம் என்று எழுதியது. வெளியே இருந்து வாசித்தவர்கள் ஆயிரம் யாரென்று பார்க்க, நான் நின்றேன்.

எந்த அறை என்று லொக் சொல்லாது. ஆனால் அதைச் சொல்ல வேறொன்று என்னிடம் இருந்தது. எந்த அறையில் எந்த இலக்கச் செயலி ஓடியது என்ற விபரம் சேவரில் தங்காது. அறையைப் புதுப்பிக்கும்போது அதுவும் அழிந்துவிடும். எங்கள் தீவில் கொஞ்சம் பலமாகக் காற்றடித்தாலே இணைய இணைப்பு அறுந்துபோகும். அப்படிப்பட்ட நேரத்தில் சும்மா இருக்க ஏலாமல், வாசித்துப் பார்ப்பதற்காக அந்த விபரங்களை மட்டும் ஒரு சின்ன டிஸ்கில் இறக்கி வைப்பது என் பழக்கம். அலுமாரியைத் திறந்தேன். டிஸ்க் இருந்தது. அதை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு மேலதிகாரிக்குத் தொலைபேசி எடுத்தேன். சந்தோசத்தில் கத்தித்தான் கதைத்தேன்.

"டிஸ்க் என்னட்டை இருக்கு சேர்! எல்லாம் அதிலைதான் இருக்கு. ஓம், அலுமாரிக்கைதான் வைச்சிருக்கிறன். ஆளை அனுப்பி எடுக்கப் போறியளோ? ஓம், வந்து எடுக்கட்டும், எல்லாத்தையும் எடுக்கட்டும்!"

டிஸ்கைத் திரும்ப அலுமாரியில் வைத்துவிட்டுக் குளித்தேன். பிறகு போனுக்குக் காசு போடக் கடைக்குப் போய், கடைக்கார அக்காவோடு கொஞ்சம் சிரித்துக்கூடக் கதைத்துவிட்டு வந்தேன். வந்து அலுமாரியைத் திறந்தால் டிஸ்க் இல்லை. உடுப்பெல்லாம் இழுத்து எறிந்து தேடினேன்.

"தேடாதை பிள்ளை," என்று அம்மா குசினியிலிருந்து சொன்னார். "இனி அது ஒருத்தருக்கும் கிடையாது."

"என்னணை செய்தனீங்கள்?"

"பக்கத்து வளவுக் கிணத்திலை போட்டனான். சொப்பிங் பையிலை கல்லோடை கட்டிப் போட்டனான். வரட்டும், வந்து என்னத்தை எடுக்கிறது எண்டு பாப்பம்."

பக்கத்து வளவு கனடாவில் இருக்கிறவர்களுடையது. பாழடைந்த வீடு, கட்டு உடைந்த கிணறு. ஓடிப்போய் எட்டிப் பார்த்தேன். பச்சைத் தண்ணீர்தான் தெரிந்தது. கயிற்றில் கொழுவியைக் கட்டிப் போட்டுத் துழாவினேன். ஒரு பழைய வாளியும் சேறும் வந்தன. உப்புத் தண்ணீர். எடுத்தாலும் இனி அது வேலை செய்யாது என்று எனக்குத் தெரியும், தெரிந்தும் துழாவினேன்.

அம்மா பின்னாலேயே வந்து நின்றார். நான் ஏசின ஏச்சு! எனக்கே இப்போது வெட்கமாக இருக்கிறது. என்னைக் காப்பாற்ற இருந்த ஒரே சாமானைக் கொண்டுபோய்க் கிணற்றில் போட்டீர்களே, உங்களுக்கு மூளை இருக்கிறதா, என்னை நீங்களே பிடித்துக் கொடுத்துவிட்டீர்களே என்று வாயில் வந்ததெல்லாம் கொட்டினேன்.

"எல்லாம் அதிலை இருக்கெண்டு நீதானேடி சொன்னனி?" அம்மா என் கையிலிருந்த கயிற்றைப் பிடித்து நிறுத்தினார். "ஒண்டும் கையிலை அம்பிடாட்டில் ஒண்டும் செய்ய ஏலாது பிள்ளை. எனக்குத் தெரியும்."

நான் அந்தக் கிணற்றடியிலேயே இருந்துவிட்டேன். எழுதி வைத்திருப்பதைக் கண்டால் அம்மாவுக்குப் பயம். எழுதி வைத்திருந்தது போய்விட்டதே என்று எனக்குப் பயம். இப்போது கூட்டத்தில் என்ன சொல்வது? சாட்சி இருந்தது, அம்மா கிணற்றில் போட்டுவிட்டார் என்றா? கேட்கிறவன் விழுந்து விழுந்து சிரிப்பான். ஆளை அனுப்புகிறோம் என்று சொன்ன அன்றே டிஸ்க் கிணற்றில் என்றால், கள்ளி என்று முடிவு கட்ட வேறென்ன வேண்டும்? பொலிஸ் வாகனம் ஒன்று எங்கள் படலை வாசலில் நிற்பது கண்ணுக்குள் வந்துகொண்டே இருந்தது. வந்தால் நான் மட்டுமில்லை, அம்மாவும் அன்றைக்கே போய்விடுவார். அந்த மனிசிக்கு அதைத் தாங்க ஏலாது.

மறுநாள் பிற்பகல் மடிக்கணினிக்கு முன்னால் இருந்தேன். திரையில் மேலதிகாரி ஒரு கட்டத்தில், சட்டப் பிரிவுப் பெண் இன்னொரு கட்டத்தில். அம்மாவைக் குசினியை விட்டு வெளியே வரக் கூடாது என்று சொல்லியிருந்தேன். டிஸ்க் பழுதாகிவிட்டது என்று மட்டும் சொன்னேன். சட்டப் பிரிவுப் பெண் எதையோ குறித்துக்கொண்டார். அவர் குறித்த விதம் எனக்குப் பிடிக்கவில்லை.

என்னிடம் ஒரே ஒரு வழிதான் மிஞ்சியிருந்தது. நடந்ததற்குச் சாட்சி இல்லை. அதையே திரும்ப நடத்திக் காட்டலாம். ஆனால் என்னால் சேவருக்குள் போக ஏலாது, முதலில் செய்து பார்க்கவும் வழியில்லை. சரிவராவிட்டால் அதோடு சரி.

"சேர், நீங்களே செய்யுங்கோ," என்றேன். "புதுசாய் ஓர் அறை திறவுங்கோ. அதுக்குள்ளை ஒராளைப் பதியுங்கோ, என்ன பேரெண்டாலும் பரவாயில்லை. அவருக்கு ஆயிரம்தான் விழும். அவராய் நிண்டுகொண்டு ஒரு வெறுங்கோப்பைத் திறவுங்கோ. பிறகு லொக்கைப் பாருங்கோ. ஆற்றை பேர் வருது எண்டு பாப்பம்."

அவர் லொக்கின் திரையை எங்கள் எல்லோருக்கும் தெரியும்படி விரித்தார். தட்டத் தொடங்கினார். அப்போது சட்டப் பிரிவுப் பெண் ஆங்கிலத்தில் குறுக்கிட்டார். என் பேர் வந்தால், அந்த நேரத்தில் நானே வேறேதும் வழியால் உள்ளே புகுந்து கோப்பைத் திறக்கவில்லை என்று எப்படி நம்புவது என்று கேட்டார். கேள்வி நியாயமானதுதான். எனக்கு வந்த ஆத்திரத்தில் கதிரையைப் பின்னுக்குத் தள்ளிவிட்டு எழும்பினேன். இரண்டு கைகளையும் தலைக்கு மேலே தூக்கிக் கமராவுக்குக் காட்டிக்கொண்டு நின்றேன்.

"இந்தாங்கோ! என்ரை ரெண்டு கையும் தெரியுதோ? இப்ப திறவுங்கோ."

"திறந்திட்டன்," என்றார் மேலதிகாரி.

லொக்கில் ஒன்றும் வரவில்லை. மற்ற அறைகளின் பதிவுகள் வரிசையில் நெருக்கிக்கொண்டு நின்றன. அது மெதுவாகத்தான் எழுதும் என்று தெரியும். தெரிந்தாலும் நெஞ்சு கேட்கிறதா? மாதாவே, மாதாவே என்று மனதுக்குள் கத்திக்கொண்டு நின்றேன். தூக்கின கையை இறக்கவில்லை.

அந்த நேரம் பார்த்து அம்மா முன்னறைக்குள் வந்தார். கதிரை இழுபட்ட சத்தம் கேட்டிருக்க வேண்டும். திரையில் இரண்டு அதிகாரிகள். அவர்களுக்கு முன்னால் நான், கையைத் தூக்கிக்கொண்டு. தன் தம்பியை அம்மா கடைசியாகக் கண்டதும் எங்கள் முற்றத்தில், இப்படிக் கையைத் தூக்கிக்கொண்டு நின்றபோதுதான்.

"ஐயோ, அவளை விடுங்கோ!" அம்மா எனக்கும் கமராவுக்கும் நடுவில் வந்து நின்றார். "அவள் ஒண்டும் செய்யேல்லை ஐயா. நான்தான் அதைக் கிணத்திலை போட்டனான். நான்தான் போட்டனான். அவளுக்குத் தெரியாது."

உத்தியோகத்தில் இருக்கிற யாரைக் கண்டாலும் தலையைக் குனிந்துகொண்டு விலகிப் போகிற மனிசி அவர். கிராம அலுவலகத்தில்கூட நான்தான் கதைக்க வேண்டும். அன்று அவர் என்னை மறைத்துக்கொண்டு நின்றார்.

"அம்மா, பயப்படாதேங்கோ. நாங்கள் ஒருத்தரையும்..." மேலதிகாரி சொல்ல வந்ததை முடிக்கவில்லை. லொக்கில் அந்த வரி வந்து விழுந்தது. கோப்பின் பேர். என் பேர். நுழைந்தவர் யாரென்று குறிக்கப்படவில்லை. முதல் நாள் அவர் அனுப்பின படத்தில் இருந்தது போலவே இருந்தது.

"கடவுளே," என்றார் அவர். "நான்தான் திறந்தனான். உம்மடை பேர் நிக்குது." சட்டப் பிரிவுப் பெண் கையிலிருந்த பேனையைக் கீழே வைத்துவிட்டார். இனி உம்மில் பிழையில்லை, மற்ற அறைகளைத்தான் பார்க்க வேண்டும் என்று மேலதிகாரி சொல்லிக்கொண்டே போனார். எனக்குக் காதில் பாதிதான் விழுந்தது.

அம்மாவுக்கு ஆங்கிலம் வாசிக்கத் தெரியாது. என் பேரை மட்டும் எந்த எழுத்தில் எழுதினாலும் அவருக்குத் தெரியும். திரைக்குக் கிட்டப் போய் விரலால் அதைத் தொட்டார்.

"இந்தா இருக்கு இவளின்ரை பேர். இப்பத்தான் எழுதினவை. நான் கண்டனான்."

"அம்மா, அந்தப் பேர் வந்தபடியாலைதான் உங்கடை மகள் தப்பினவா," என்றார் மேலதிகாரி.

"தப்பினவள் எண்டால் அதை வெட்டி விடுங்கோ."

"அதை வெட்ட ஏலாது அம்மா. ஆராலும் ஏலாது. ஒருக்கால் எழுதினால் எழுதினதுதான்."

அம்மா திரும்பி என்னைப் பார்த்தார். பிறகு என் கதிரையை இழுத்துப்போட்டுக் கமராவுக்கு நேரே இருந்தார். சேலைத் தலைப்பை ஒழுங்காக்கினார். கேட்கிற எவருக்கும் விளங்கும்படி, நிறுத்தி நிறுத்தித் தன் முழுப் பேரைச் சொன்னார். தகப்பன் பேரைச் சொன்னார். ஊரைச் சொன்னார். அடையாள அட்டை இலக்கத்தை ஒவ்வொன்றாகச் சொன்னார்.

"பக்கத்திலை இதையும் எழுதுங்கோ ஐயா," என்றார். "பிள்ளையைத் தனிய விடாதேங்கோ."

நான் அப்போதுதான் கைகளை இறக்கினேன்.